சின்னக் கட்சி சேர்ந்தால் செல்லாத ஆட்சியா?



சிறிய கட்சிகள் கைகோத்து ஆட்சி அமைத்தால் போதும், "இது மக்கள் தீர்ப்பே இல்லை, கொல்லைப்புற வழி" என்று கூச்சல் கிளம்புகிறது. டீக்கடை பெஞ்சில் நம்ம ஆளுங்களும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். எனவே கொஞ்சம் கணக்கு பார்ப்போம்.

1996-ல் 161 இடம் பிடித்த பா.ஜ.க. ஆட்சி 13 நாளில் இறங்கியது. 46 இடம் மட்டுமே வைத்திருந்த ஜனதா தளத்தின் தேவகவுடா, பல கட்சிகளின் ஐக்கிய முன்னணியோடு பிரதமரானார். இதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. பெரும்பான்மையைச் சபையில்தான் எண்ண வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்று 1994-லேயே எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2006-ல் தி.மு.க.வுக்கு 234-ல் 96 இடம்தான். "மைனாரிட்டி அரசு" என்று ஐந்து வருஷமும் ஏசினார்கள். அந்த அரசுதான் சுமார் 7,000 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. இடதுசாரிகள் ஆதரவில் நின்ற மத்திய அரசுதான் 2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் போட்டது. முதல் 200 மாவட்டங்களில் நம்ம திருவண்ணாமலையும் ஒன்று.

தனிப்பெரும்பான்மை என்ன செய்தது? 2020-ல் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தபோது கூட்டணிக் கட்சியான அகாலி தளத்தின் அமைச்சரே ராஜினாமா செய்தார். அரசு அசையவில்லை. கையில் 303 எம்.பி. இருக்கும்போது யாருக்குப் பயப்பட வேண்டும்? டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் வெயிலிலும் குளிரிலும் கிடந்த பிறகுதான் வாபஸ் வந்தது.

அவ்வளவு தூரம் ஏன் போவானேன்? செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்த விவசாயிகளில் 7 பேர் மேல் 2023-ல் குண்டர் சட்டம் பாய்ந்தது. பாய்ச்சியது 2021-ல் தனிப்பெரும்பான்மையோடு வந்த மாநில அரசு.

கூட்டணி என்றாலே யோக்கியம் என்று நாம் சொல்லவில்லை. மந்திரி பதவிக்கும் வாரியத் தலைவர் பதவிக்கும் விலை போகிற சின்னக் கட்சிகளையும் பார்த்திருக்கிறோம். ஆதரவு தரும் உரிமை அவர்களுக்கு உண்டு. எதற்காகத் தருகிறோம் என்று ஊரறிய எழுதிக் காட்டும் கடமையும் உண்டு.

ஆகவே ஓட்டு கேட்டு வருகிற ஒவ்வொரு கட்சியையும் கேட்போம்: நெல்லுக்கும் கரும்புக்கும் கட்டுபடியான விலை, சம்மதமில்லாமல் நிலம் எடுக்காத உறுதி, இரண்டையும் ஆதரவுக்கு நிபந்தனையாக எழுதித் தருவாயா?

பதில் சொல்லாதவர்களுக்கு வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலக வாசலில் திரண்டு பதில் சொல்வோம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!