சிறைநாளைக் குறைக்கும் கல்வி

குற்றம் புரிந்தவனைத் தண்டித்தல் அரசின் கடமை. தண்டனை முடிந்து திரும்புகின்றவனை நல்வாழ்வுக்கு ஆயத்தப்படுத்தி அனுப்புதலும் அவ்வரசின் கடமையே. இவ்விரண்டாவது கடமையை அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகள் ஆற்றும் முறை நம் சிந்தனைக்குரியது.

1984ஆம் ஆண்டுத் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம், 1987 நவம்பர் முதல் நிகழ்ந்த கூட்டாட்சிக் குற்றங்களுக்குப் பரோல் முறையை ஒழித்தது. நன்னடத்தைக்காக ஆண்டுக்கு 54 நாள்வரை கழிக்கலாம் என்னும் சலுகை எஞ்சியது. அதுவும் சிறைத்துறையின் கணக்கீட்டால் நடைமுறையில் 47 நாளாகச் சுருங்கிற்று.

2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 'முதற்படிச் சட்டம்' இக்குறையைக் களைந்ததோடு, புதியதொரு வாயிலையும் திறந்தது. கைதியின் குறைகள் மதிப்பிடப்படுகின்றன. அவற்றுக்கேற்ற கல்வி, தொழிற்பயிற்சி முதலியவை வகுக்கப்படுகின்றன. அவற்றில் 30 நாள் முறையாகப் பங்கேற்பவருக்கு 10 நாள் வரவு. மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்புக் குறைந்தவர் எனத் தொடர்ந்து மதிப்பிடப்பட்டால் மேலும் 5 நாள். இவ்வரவால் 12 மாதம்வரை முன்னதாக மேற்பார்வையுடன் கூடிய விடுதலை பெறலாம். அதற்கு மேற்பட்ட வரவுக்கு வீட்டுக்காவலோ இடைநிலை இல்லமோ கிட்டும்.

பாதிக்கப்பட்டோர்க்கு இது அநீதியன்றோ எனச் சிலர் வினவுவர். அவர்தம் துயரம் மெய்யே. ஆயினும், கைதிகளுள் மிகப் பெரும்பாலோர் என்றேனும் ஊர் திரும்பவே போகின்றனர். கைத்தொழில் கற்றுத் திரும்புகின்றவனா, வன்மம் மட்டும் கற்றுத் திரும்புகின்றவனா, எவன் நம் அண்டை வீட்டில் வாழ வேண்டும் என்பதே வினா.

எனினும், இச்சட்டத்தில் இரு குறைகளைக் காண்கிறேன். மதிப்பீட்டில் வயதும் பழைய குற்றப் பதிவும் எண்ணப்படுகின்றன. நேற்றைய செயலை இன்றைய உழைப்பால் அழிக்கவியலாது. மிகுந்த அபாயமுடையவர் எனக் குறிக்கப்பட்டவர் வரவு ஈட்டினும், அந்நிலை தாழும்வரை அதனைப் பொதுவாகப் பயன்படுத்த இயலாது. கல்வி மிகவும் தேவைப்படுபவனுக்கே அதன் பயன் தொலைவில் நிற்கின்றது. அவ்வாறே, நாடுகடத்தும் இறுதி ஆணை பெற்ற அயல்நாட்டார் ஆண்டுக்கணக்கில் கற்றாலும் அவ்வரவு அவர்க்கு உதவுவதில்லை. உழைப்பு ஒன்றாயிருக்க ஊதியம் வேறாதல் முறையாகுமா?

கைதிக்கும் கடமையுண்டு. சிறைபுகும் நாளிலிருந்தே மதிப்பீடுகளை முடித்து, பயிற்சிகளை ஏற்று, ஒழுக்கம் காத்தல் வேண்டும். பயிற்சியை மறுப்பவர் வரவை இழப்பர். வாயிலைத் திறத்தல் அரசின் பொறுப்பு. அதனை நோக்கி நடத்தல் கைதியின் பொறுப்பு. நடந்து வந்தவனின் முன்னே அதனை மூடாதிருத்தலே நீதி.