பொலிஸார் போன பின்பு

ஒரு வீட்டிலே கொலை நிகழ்ந்துவிட்டால் பொலிஸார் வருகின்றனர், தடயங்களைச் சேகரிக்கின்றனர், சடலத்தை அகற்றுவிக்கின்றனர், பின்னர் சாவியை வீட்டாரிடம் கொடுத்துச் சென்றுவிடுகின்றனர். தரையிற் கிடக்கும் இரத்தத்தைக் கழுவுவது யார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் அது பெரும்பாலும் வீட்டுக்குரியவரின் பொறுப்பே. மகனைப் பறிகொடுத்த தாய், அவன் சிந்திய குருதியைத் தன் கையாலேயே துடைக்க நேர்வதினும் கொடுமை வேறுண்டோ? அக்கொடுமையை நீக்க முன்வருவோரே அங்குள்ள தனித் துப்புரவுக் குழுவினர்.

வாளியும் துடைப்பமும் மட்டும் இவ்வேலைக்குப் போதா. ஈரலைத் தாக்கும் ‘ஹெபடைடிஸ் பி’ கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்திலுங்கூட, 7 நாட்களாவது உயிர்ப்புடன் இருக்க வல்லது. ஆதலால் இவர்கள் உடலை மூடும் அங்கியும் கையுறையும் முகக்கவசமும் அணிந்தே உட்புகுகின்றனர். முதலிற் கறையை அகற்றிய பின்னரே கிருமிநாசினியைப் பூசி, அது தன் வேலையை முடிக்குமட்டும் ஈரம் உலராது காக்கின்றனர். கம்பளமும் மெத்தையும் உறிஞ்சியதைக் கழுவ இயலாது; வெட்டியெடுத்து, அடையாளமிட்ட பைகளிற் கட்டி அகற்றுகின்றனர். சில வேளைகளில் தரைப்பலகையையே பெயர்க்க வேண்டியதாகிறது.

இரத்தத்தோடு புழங்கும் தொழிலாளருக்கு முதலாளி இலவசமாகத் தடுப்பூசி அளிக்க முன்வரவேண்டுமென 1991ஆம் ஆண்டில் அந்நாட்டில் விதி செய்யப்பட்டது. பல மாநிலங்களில், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நட்டஈட்டு நிதியும் துப்புரவுச் செலவுக்கு உதவுகிறது.

அருவருப்பான தொழில் என்று முகஞ்சுளிப்பது எளிது. ஆனால், துயருற்ற குடும்பம் வீடு திரும்புகையில் அங்கே ஒரு கறையேனும் கண்ணிற் படாதிருக்கச் செய்வோர் இவர்களே. இவர்கள் பெறுவது கூலிதான். எனினும் செய்வது கூலிக்குள் அடங்கும் வேலையன்று என்றே நாம் கருதுகிறோம்.