ஏரிக்கரை ரூட்!

காஞ்சிபுரம்னா பட்டு, கோயில், இட்லியோட முடிச்சுக்கிறீங்களா பாஸ்? மழை விட்டதும் பரந்தூர் பக்கம் பஸ் ஏறுங்க. ஏகனாபுரம் ஏரி, வயல்னு எல்லாமே சமதரை. மூச்சு வாங்காம நடக்கலாம். வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுங்க.

பாலாற்றுத் தண்ணியை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுபோற கம்பன் கால்வாயும் இங்கேதான் ஓடுது. மோட்டாரே இல்லாம, இவ்வளவு லேசான சரிவுல! வெட்டினவங்க எந்த காலேஜ்ல சர்வே படிச்சாங்களோ?

சென்னையோட ரெண்டாவது ஏர்போர்ட்டுக்கு 2022-ல அறிவிச்ச இடமும் இதேதான். வயல், ஏரி, கால்வாயில ஒரு பகுதினு எல்லாம் அந்த பிளானுக்குள்ள வருது. ஏகனாபுரம் மக்கள் அந்த வருஷமே போராட்டத்துல உட்கார்ந்துட்டாங்க. ஏர்போர்ட் வேணும்னு சொல்ற சிவில் பசங்க அவசியம் போங்க.

வரப்புல ஆள் இருந்தா கேட்டுட்டு இறங்குங்க. செல்ஃபி அப்புறம்!