தஞ்சாவூர் வீணை என்ன சாதா லக்கேஜா?

தோழர்களே, போளூர்ல தவிலோட பஸ் ஏறினா கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார், அவ்வளவுதான். கருவி நம்ம கண்ணு முன்னாடியே வரும். மதுரை ஏர்போர்ட்ல? கேபினுக்கு 7 கிலோதான். மீறினா சரக்கோடு சரக்கா கீழே போடணும், இல்லைன்னா கருவிக்கும் தனி சீட் வாங்கணும்.

வீணையை எடுத்துக்குங்க. பலா மரம், நாலடி நீளம், மெழுகில் பதித்த 24 மெட்டு. மூட்டையோட மூட்டையா தூக்கிப் போட்டா என்ன ஆகும்? தஞ்சாவூர் வீணைக்கு 2013ல் புவிசார் குறியீடு கொடுத்ததும் ஒன்றிய அரசுதான்! உள்நாட்டு விமானத்தில் உடைந்தால், 2019 பயணிகள் சாசனப்படி அதிகபட்சம் 20,000 ரூபாய். அந்தக் காசுக்கு ஏகாண்ட வீணை கிடைக்குமா?

2014ல் சரோத் மேதை அம்ஜத் அலி கானின் கருவியே லண்டன்–டெல்லி பயணத்தில் காணாமல் போய், சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. அவருக்கே அந்தக் கதி என்றால் நம்ம ஊர் கலைஞர் சொல்றதை யார் கேட்பாங்க?

அமெரிக்காவில் 2015 முதல் விதி இருக்கு: கேபினில் இடமிருந்தா சின்னக் கருவியை ஏற்றியே ஆகணும். பெரிய கருவிக்கு சீட் வாங்கி, பாதுகாப்பா வைக்க முடிஞ்சா மறுக்கக் கூடாது. அதே விதி இங்கேயும் வரணும். அந்த சீட்டுக்கு அரைக் கட்டணம், கருவியின் மதிப்புக்கு ஏற்ற இழப்பீடு, இதுதான் நம்ம கோரிக்கை. கருவியோட அலைஞ்ச கலைஞர்கள் எழுதி அனுப்புங்க, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு மனுவோட சேர்த்துக் கொடுப்போம்.