மித்தியும் நம் நதியே

“உங்கள் நதி எது?” என்று நம் சங்கத்து அன்பர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். திருநெல்வேலியார் தாமிரபரணி என்பார். தஞ்சையார் காவிரி என்பார். மதுரையார், மணலே மிகுதி என்றாலும் விட்டுக்கொடாமல், வைகை என்பார். மும்பையில் பிறந்து, மும்பையில் படித்து, இங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மித்தி என்று சொன்னவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்ற வைராக்கியமே எனக்கு இருந்தது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பொங்கல் விழாவையொட்டிச் சிறுவர் சிறுமியருக்கு ஓவியப் போட்டி ஒன்று நடத்தினோம். தலைப்பு ‘எங்கள் நதி’. நடுவர் மூவரில் நானும் ஒருவன். ஓவியம் அறிந்தவன் என்று என்னை அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருப்பவன் என்று அழைத்தார்கள். 19 படங்கள் வந்தன. அவற்றுள் 18 படங்களில் இரண்டு மலைகள், நடுவே உதய சூரியன், நீல நிற நீர், கரையில் தென்னை மரம். எஞ்சிய ஒன்றில் மட்டும் நெருக்கமான வீடுகளுக்கிடையே கரிய பட்டை ஒன்று வளைந்து சென்றது. மேலே ஓர் ஆகாய விமானம். தலைப்பைக் கவனியாமல் தார்ச்சாலையை வரைந்துவிட்டாள் என்று எண்ணி அதனை ஒதுக்கினோம். பரிசளிப்பு முடிந்தபின் அந்தத் தாராவிச் சிறுமி என்னிடம் வந்து, “மாமா, அது ரோடு இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற மித்தி” என்றாள்.

கண்ணால் பார்த்ததை வரைந்தவளுக்குப் பரிசில்லை. காணாததை வரைந்தவர்களுக்குப் பரிசு கொடுத்திருக்கிறோம்! அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு மாட்டுங்காவிலிருந்து மித்திக் கரை வரை நடந்து சென்று வரலாம் என்று அடுத்த செயற்குழுவில் சொன்னேன். “சாக்கடையைப் பார்க்க ஊர்வலமா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனினும், நடப்பது உடம்புக்கு நல்லது என்ற அளவிலாவது எல்லாரும் இசைந்தார்கள்.

தை மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கிங் சர்க்கிளில் உள்ள மகேசுவரி உத்யானத்தின் வாயிலில் 31 பேர் கூடினோம். செம்பூர் அன்பர்கள் வடாலாவில் வண்டி மாறி வந்து சேர்ந்தார்கள். எல்லாரினும் இளையவனுக்கு வயது 8, மூத்தவருக்கு 76. ஞாயிறுதோறும் முற்பகலில் பராமரிப்பு வேலைக்காகத் தண்டவாளத்தை அடைத்துவிடுவது எங்கள் இலாகாவின் வழக்கமாதலால், மெகா பிளாக் தொடங்குமுன் வீடு திரும்ப வேண்டும் என்று எச்சரித்துவிட்டே புறப்பட்டேன்.

மாட்டுங்காவின் மர நிழலைப் புகழாதவர் இல்லை. அந்த நிழல் எப்படி வந்தது என்பதை நடந்துகொண்டே குழந்தைகளுக்குச் சொன்னோம். 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிற்று. காற்றும் வெளிச்சமும் நுழையாத நெருக்கடியான குடியிருப்புகளே நோய்க்கு இடமளிக்கின்றன என்று கருதிய அரசாங்கம் 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்றை நிறுவிற்று. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளின் அகன்ற வீதிகளும் தோட்டங்களும் அந்த டிரஸ்ட் வகுத்த திட்டத்தால் வந்தவை. நம்மவர்கள் இங்கே பெருகியதும், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் அதன் பிறகே. நாம் காப்பி அருந்திவிட்டு உலவும் நிழலை ஒரு கொள்ளை நோய் கற்பித்த பாடம் என்றே சொல்லலாம்.

அம்பேத்கர் சாலை வழியாக வடக்கே நடந்து சயான் கோட்டைக் குன்றில் ஏறினோம். ஆளுநர் ஜெரால்ட் ஆங்கியர் காலத்தில், 1669-க்கும் 1677-க்கும் இடையே ஆங்கிலேயர் கட்டிய கோட்டை இது. மராத்தியில் இவ்வூரின் பெயர் ‘சீவ்’. எல்லை என்பது பொருள். இக்கரையில் ஆங்கிலேயரின் தீவு. அக்கரையில் போர்ச்சுகீசியரின் சால்செட். இடையே கழியும் சதுப்பும். “அப்படியானால் மாட்டுங்கா தீவிலா இருந்தது?” என்று ஒரு சிறுவன் வியந்தான். கீழே ஓடும் மின்சார வண்டிகளைக் காட்டி, 1853 ஏப்ரல் 16-இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்குச் சென்ற முதல் பயணி ரயிலும் சயான் வழியாகவே சென்றது என்றேன். ரயில்வே ஊழியன் வாய் இதைச் சொல்லாமல் இராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ரயில் பாதையைக் கடந்து தாராவிக்குள் நுழைந்தோம். தொண்ணூறு அடிச் சாலையில் கால் வைத்தபோது மாட்டுங்காவைச் சேர்ந்த ஓர் அம்மையார், “முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இந்தப் பக்கம் வந்ததே இல்லை” என்று தணிந்த குரலில் கூறினார். இடையே இருப்பது ஒரு தண்டவாளம். அதனைக் கடக்கச் சிலருக்கு முப்பது ஆண்டு பிடிக்கிறது. சயான் கோட்டையைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். எல்லை மட்டும் நம் மனத்தில் இன்னும் நிற்கிறது.

முன்னாளில் தாராவி கோலி மீனவர்களின் கிராமம். சுற்றிலும் சதுப்பு நிலம். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தார்கள். நம்முடன் வந்த 76 வயதுப் பெரியவர் இளமையில் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். அக்காலத்தில் கழியில் பிடித்த இறாலைக் கோலிப் பெண்கள் தெருவில் கொணர்ந்து விற்றதை அவர் சொன்னபோது, குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மித்தியில் இறாலா என்ற ஐயம் அவர்களுக்கு.

ஓவியம் வரைந்த சிறுமியின் தாயார் எங்கள் அனைவருக்கும் தேநீர் தயாராக வைத்திருந்தார். ஒரே அறையுள்ள வீடு. 31 பேர் எப்படி உட்காருவது? சந்தில் வரிசையாக நின்றே குடித்தோம். மாட்டுங்கா அம்மையார் தாம் கொண்டுவந்த இட்லிப் பாத்திரத்தை அங்கேயே திறந்தார். அதற்குப் பின் யார் எந்தப் பேட்டை என்ற பேச்சு எழவில்லை.

அடுத்துக் காலா கில்லா. 1737-இல், ஆளுநர் ஹார்ன் காலத்தில் கட்டப்பட்டது என்று அதன் சுவரிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. நதியைக் காவல் செய்ய எழுந்த இந்தக் கருங்கல் கோட்டை, இன்று வீடுகளின் நடுவே ஒடுங்கி நிற்கிறது. இங்கே வந்ததும் என் கால் தயங்கிற்று. முதலில் சொன்ன காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

2005 ஜூலை 26. அவ்வாண்டுதான் நான் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தேன். பிற்பகலில் தொடங்கிய மழை விடவில்லை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நாளில் கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர்தான். கடலும் அப்போது ஏற்றத்தில் இருந்தது. வண்டிகள் நின்றன, நகரமே நடந்தது. என் தந்தையார் கோட்டைப் பகுதியிலிருந்து இருட்டிலும் நீரிலும் நடந்து மறுநாள் விடியற்காலையில் வந்து சேர்ந்தார். அதற்குள் மித்தி எங்கள் வீட்டிற்குள் வந்துவிட்டது. என் தாயார் இட்லி விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர். மாவரைக்கும் கிரைண்டரும் இரண்டு மூட்டை அரிசியும் நீரில் போயின. கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த பணம் புதுக் கிரைண்டருக்குப் போயிற்று. அவ்வாண்டு நான் கல்லூரியில் சேரவில்லை, பிறகும் சேரவில்லை. ரயில்வேயில் கலாசியாகப் புகுந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானேன். என் படிப்பை இந்த ஆறு கொண்டுபோயிற்று என்பது என் நெடுநாள் கோபம்.

ஆனால் ஆற்றின் வழக்கையும் கேட்க வேண்டுமல்லவா? மித்தி ஒன்றும் சாக்கடையாகப் பிறந்ததன்று. 1860-இல் நகரின் குடிநீருக்காகக் கட்டி முடித்த விகார் ஏரியும் அதன் அருகிலுள்ள போவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரே அதன் பிறப்பு. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாகிம் கழியில் கடலைச் சேர்கிறது. இந்தியில் மித்தி என்றால் இனியது என்று பொருள். இனியவளுக்கு நாம் செய்தது என்ன? விமான ஓடுபாதைக்கு அடியில் புகுத்தினோம். கரைச் சதுப்பைத் தூர்த்துக் கண்ணாடி மாளிகைகளும் குடிசைகளும் கட்டினோம். ஆலைக் கழிவையும் வீட்டுக் கழிவையும் அதில் விட்டோம். எங்கள் வீடும் அந்தச் சதுப்பின் மேல் எழுந்ததுதான். வீட்டுக் குப்பையை வாளியில் கொண்டுபோய் அந்த நீரில் கவிழ்த்து வந்த சிறுவன் நானே. என் கிரைண்டர்க் கணக்கை எழுதும்போது அந்த வாளிக் கணக்கையும் எழுதுவதே முறை.

இதை நான் சொல்லி முடித்தபோது பெரியவர் என் தோளில் கை வைத்து, “தம்பி, நாங்களும் கொட்டினோம். அப்போது யாரும் சொல்லவில்லை” என்றார்.

சிறிது தொலைவில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர் காடு. அதன் பழைய நிலையைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்: நகரத்தின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டிய மேடு அது. குப்பையின் மேல் மண் பரப்பி, மரம் வைத்து வளர்த்து, 1994-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் வெயில் குறைந்தது. வண்டிகளின் இரைச்சல் பின்வாங்கிற்று. வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டதும் குழந்தைகள் எங்கள் வரிசையை விட்டுப் பறந்தார்கள்.

மரங்களுக்கு அப்பால் மித்தி. கரிய நீர், நாற்றமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கரையில் கண்டல் மரங்கள் சேற்றிலிருந்து மூச்சு வேர்களை நீட்டி நின்றன. வெண் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் தவம் செய்தது. “இப்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, சொல்லுங்கள்” என்று நம் சிறுமி மற்றப் பிள்ளைகளைக் கேட்டாள். கடலை நோக்கி என்றார்கள். “இல்லை, கடல் ஏறும்போது தண்ணீர் திரும்பி மேலே போகும். அந்தப் பையைப் பாருங்கள்” என்றாள். நீரில் மிதந்த பிளாஸ்டிக் பை மெய்யாகவே மேல்நோக்கி நகர்ந்தது! வாத்தியார் சொல்லித் தராததைச் சன்னல் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

மித்தியின் கரை முழுவதும் இப்படி நடந்து செல்ல வழியில்லை. இந்தப் பூங்கா ஒரு துண்டுதான். ஆனால் ஆகாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. தென்கொரியாவின் சியோல் நகரில், மேலே நெடுஞ்சாலை கட்டி மூடப்பட்டிருந்த சுங்கேச்சான் ஓடையை, சாலையை இடித்து, 5.8 கிலோமீட்டர் தூரம் திறந்துவிட்டார்கள். அது முடிந்தது 2005-இல். நம் மித்தி வீடு புகுந்த அதே ஆண்டு. சென்னையில் அடையாற்றின் கழிமுகத்தில் சீர்கெட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம் 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாயிற்று. பிளேக் நோய் மாட்டுங்காவுக்கு மரம் தந்தது. குப்பை மேடு தாராவிக்குக் காடு தந்தது. வெள்ளத்திலிருந்து நாம் பெற வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கத்தைக் கேட்போம். நாம் செய்யக்கூடியது, பெயரளவிலேனும் அதனை நதியென ஒப்புக்கொள்வது. சாக்கடை என்று சொல்லிவிட்டால் கொட்டுவதற்குக் கை கூசாது. நதி என்று சொன்னால் ஒரு நொடியாவது கூசும். தாமிரபரணியை மறக்கச் சொல்லவில்லை. பெற்ற தாயை மதிப்பவன் வளர்த்த தாயையும் கைவிடமாட்டான். குழந்தைகள் ஊருக்குப் போய் ஆற்றில் குளிப்பது ஆண்டுக்கு ஒரு முறை. எஞ்சிய நாளெல்லாம் அவர்கள் வாழ்வது மித்தியின் மடியில்.

பத்தரை மணிக்குள் எல்லாரும் வண்டி ஏறிவிட்டோம். மறுவாரம் நடுவர் மூவரும் கூடி, எங்கள் தீர்ப்பு தவறென்று எழுதிக் கையெழுத்திட்டோம். அந்தக் கரிய படம் இப்போது சங்க நூல்நிலையத்துச் சுவரில் தொங்குகிறது, வருகிறவர்கள் பார்க்கலாம். வர்ணப் பெட்டி ஒன்றைச் சிறுமிக்குக் கொடுத்து, “அடுத்த வருஷமும் இதே தலைப்புத்தான்” என்றேன். அவள் பெட்டியைத் திறந்து நீல வர்ணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது இப்போதைக்குச் செலவாகாது, மாமா” என்றாள்.

அடுத்த நடை, போவாய் ஏரிக்கரையில். வர விரும்பும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். காலணி உறுதியாக இருக்கட்டும், குடும்பத்தோடு வாருங்கள்.