குடும்பப்பெயர் கட்டாயம் என்று எழுதினது ஆர்?

வைஃபை, மின்னஞ்சல், நூலகம், பாடநெறித் தளம் என்று எல்லாத்துக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் போட்டுத்தான் கனபேர் கம்பஸில் உள்ளே போறம். "இவர் எங்கட ஆள்தான், விடு" என்று பின்னால நின்று சொல்லுறது டிரெக்டரி சேர்வர். கிராம சேவகரிட்ட இருக்கிற பதிவேடு மாதிரி என்று வைச்சுக்கொள்ளுங்கோ. ஆள் ஆர், எந்தப் பிரிவு, எதுக்கு உரிமை இருக்கு என்பதெல்லாம் அதுக்குள்ள இருக்கும்.

"கணினிப் பெடியளின்ர அலுவலில கலைப்பீடத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பீங்கள். சேர்வரை நிறுவுறது அவையின்ர வேலைதான். ஆனால் அதுக்கு முதல் எழுதவேண்டிய திட்ட ஆவணம் எங்களுக்கும் சொந்தமானது. அது தமிழிலயும் எழுதப்பட வேணும் என்பதுதான் எங்கட வாதம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தச் சேர்வர்கள் பேசுற மொழிக்கு எல்டாப் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஓப்பன்எல்டாப் திட்டம் 1998இல் தொடங்கியது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் டிரெக்டரி சேர்வரை ரெட் ஹட் 2004இல் வாங்கி, அடுத்த வருசமே திறந்த மூலமாக வெளியிட்டது. இப்ப அதுக்கு 389 டிரெக்டரி சேர்வர் என்று பெயர். 389 என்பது எல்டாப் பாவிக்கிற போர்ட் இலக்கம். இரண்டுக்கும் உரிமக் காசு இல்லை. கிளிநொச்சியில் இருக்கிற ஒரு சின்னத் தொழிற்பயிற்சி நிலையமும் நிறுவலாம். நிர்வாகிகளுக்கான வழிகாட்டிகளும் இலவசம். என்ன தரவு சேர்க்கிறது, மரத்தை எப்படிப் பிரிக்கிறது, எத்தனை பிரதி வைக்கிறது, ஆர் எதைப் பார்க்கலாம் என்பதை நிறுவ முதலே எழுதி வையுங்கோ என்று அவை சொல்லுது. நல்ல புத்தி. ஆனால் ஆங்கிலத்தில் சொல்லுது, எங்கட பெயர்களையும் ஊரையும் தெரியாமல் சொல்லுது.

பெயரையே எடுப்பம். எல்டாப் தரநிலையில் ஒரு ஆளைப் பதிய இரண்டு புலங்கள் கட்டாயம்: முழுப்பெயர், குடும்பப்பெயர். எங்களில கனபேருக்குக் குடும்பப்பெயர் இல்லை. அப்பாவின்ர பெயரை முதலெழுத்தாகப் போடுறம். கட்டாயப் புலம் என்றதால் நிர்வாகி அப்பாவின்ர பெயரை அதுக்குள்ள தள்ளுவார். பிறகு கடிதம், சான்றிதழ் எல்லாம் அப்பாவைக் கூப்பிடும். பிள்ளை படிக்கிறா, பட்டம் அப்பாவுக்கு.

இதுக்கு மருந்து மென்பொருளிலேயே இருக்கு. திரையில் எந்தப் பெயர் தெரிய வேணும் என்பதுக்குத் தனிப் புலம் இருக்கு. ஒரே பெயரை மொழிக்குறியோட தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வைக்க 1999இலேயே வழி வகுத்தாச்சு. தமிழ் எழுத்து ஏறாது என்ற கதை எல்டாப்பின் மூன்றாம் பதிப்பு வந்த 1997ஓட முடிஞ்சுது. இதையெல்லாம் பாவிக்கச் சொல்லி ஆரும் திட்டத்தில் எழுதியிருக்க வேணும்.

அதோட, வன்னியில் 2009இல் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனை! பிறகு பிரதி எடுத்தபோது பிறப்புப் பதிவில் ஒரு ஆங்கில எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. சேர்வருக்கு எந்த ஆவணம் மூலம், பிழையை ஆரிட்டச் சொல்லித் திருத்துறது என்பதைத் திட்டம்தான் சொல்ல வேணும்.

அடுத்தது மரம். மாறக்கூடிய பெயர்களைக் கிளைகளுக்கு வைக்காதீங்கோ என்பது இந்தத் துறையில் பழைய அறிவுரை. எங்களுக்கு உதாரணம் தேடித் திரியத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1இல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. 'வவுனியா வளாகம்' என்று ஒரு மரத்தில் கிளை வைத்திருந்தால், அதன் கீழே இருக்கிற ஒவ்வொருவரின்ர முகவரியும் மாற வேண்டி வரும்.

பிரதிகளும் அப்படித்தான். பொறியியல், விவசாயம், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கு, தலைமை வளாகம் திருநெல்வேலியில். இப்படி இரண்டு இடத்தில் இயங்குற நிறுவனத்தில் ஒரு பக்கம் கரண்ட் போனாலோ இணைப்பு அறுந்தாலோ மற்றப் பக்கம் லொகின் பண்ண ஏலுமா என்பது திட்டமிடும்போதே கேட்கவேண்டிய கேள்வி.

கடைசியாக, எங்களுக்குப் பயமான விசயம். ஓப்பன்எல்டாப்பில் அனுமதி விதி எதுவும் எழுதாமல் விட்டால், கேட்கிற எல்லாரும் வாசிக்கலாம் என்பதுதான் இயல்புநிலை. ஒரு பிள்ளையின்ர கைபேசி இலக்கமும் ஊர் முகவரியும் அப்படித் திறந்து கிடந்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் ஆருக்கும் விளக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. ஆனால் எந்தப் புலத்தை மூட வேணும் என்று அந்தச் சட்டம் வந்து சேர்வரில் எழுதாது.

"ஆங்கிலம் தெரியாட்டி சேர்வர் நடத்தேலாது" என்று சொல்லுவினம். சரி, நிர்வாகிக்குத் தெரியும். பெயர்ப்பட்டியல் குடுக்கிற எழுதுவினைஞருக்கும், மாணவர் ஒன்றியத்துக்கும், புதுமுக மாணவருக்கும்? அந்த நிர்வாகி நாளைக்குக் கொழும்புக்கோ கனடாவுக்கோ போனால் பிறகு வாறவருக்கு ஆர் சொல்லுறது? ஆள் போனாலும் எழுதி வைத்த தாள் நிற்கும்.

ஆகவே கேட்கிறது பெரிசில்லை. பத்துப் பக்கத்தில் ஒரு தமிழ்த் திட்ட மாதிரி. தொழில்நுட்பம் படிக்கிறவை உள்ளடக்கத்தைத் தரட்டும், மொழிபெயர்ப்பும் மொழியியலும் படிக்கிற நாங்கள் எழுதுறம். டிரெக்டரிக்கு 'அடைவு' என்று போட்டால் கோப்பு வைக்கிற இடம் என்றுதான் சனம் நினைக்கும். 'ஆட்பதிவேடு' என்று போட்டால் எங்கட அம்மாவுக்கும் விளங்கும். முதல் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கட்டும்: "உங்களை எந்தப் பெயரால் கூப்பிட வேணும்?"