செத்த பிரிவில் போட்ட வழக்குகள்

வக்கீல் சங்கப் பொதுக்குழுவில் நூலகத்துக்குப் பணம் ஒதுக்கும் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் எழுந்துவிடுகிறார். "எல்லாமே ஆன்லைன்ல வந்துடுச்சு. இனிமே லைப்ரரி எதுக்கு, லைப்ரேரியன் எதுக்கு?" கைதட்டலும் விழுகிறது. ஓய்வுபெற்ற நூலகரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. சாவி அலுவலக உதவியாளர் கையில். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சட்ட நூலகத்தில் வேலை பார்ப்பவன் சொல்கிறேன்: இந்த எண்ணம் தவறு. அதன் விலையைக் கட்சிக்காரர்கள் கொடுக்கிறார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே பாருங்கள். இணையத்தில் எழுதியதற்காக ஒருவரை மூன்று ஆண்டு வரை சிறையில் தள்ள இடம் கொடுத்த பிரிவு அது. ஸ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அதை அடியோடு ரத்து செய்தது. நாடு முழுக்கப் பேசப்பட்ட தீர்ப்பு. காசில்லாமல் யாரும் இறக்கிப் படிக்கலாம். அப்படியும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. 2021-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் இதை எடுத்துச் சொன்னபோது நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் விளக்கம் சொன்னார். கடைசியில் 2022 அக்டோபர் 12 அன்று, இந்தப் பிரிவை அச்சிடும் எந்த வெளியீடும் அது செல்லாது என்பதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழரை ஆண்டுகள்! தீர்ப்பு இணையத்தில் இருந்ததால் யாரைக் காப்பாற்ற முடிந்தது?

என் மேசையில் கத்தரிக்கோலும் பசைக் குப்பியும் எப்போதும் இருக்கும். திருத்தச் சட்டம் அரசிதழில் வந்ததும் அந்தப் பகுதியை நகலெடுத்து, வெட்டி, மூலச் சட்டத்தில் உரிய பக்கத்தில் ஒட்டுவேன். மேல் விளிம்பில் மட்டும்தான் பசை. சீட்டைத் தூக்கினால் அடியில் பழைய வாசகம் தெரிய வேண்டும். பழைய சம்பவத்துக்குப் பழைய வாசகம்தானே பொருந்தும்? 2024 ஜூலை 1-க்குப் பிறகு இந்த வேலை பல மடங்காகிவிட்டது. 511 பிரிவு கொண்ட இந்திய தண்டனைச் சட்டம் போய், 358 பிரிவு கொண்ட பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. கொலைக்கு இப்போது 103. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது. ஆனால் 2024 ஜூன் 30 இரவு நடந்த கொலைக்கு இன்றும் பழைய 302-தான். தேடுபொறியில் எண்ணைத் தட்டுகிறவருக்கு வேண்டியது எது என்பது சம்பவத் தேதி தெரிந்தால்தான் விளங்கும். அந்தத் தேதியை நூலகர் கேட்பார்.

இணையம் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. 2008-ல் இந்தியன் கானூன் என்ற இலவசத் தேடுதளம் வந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புத் தொகுப்பை இ-எஸ்.சி.ஆர். என்று இலவசமாகத் திறந்துவிட்டது. ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பின் வால்யூம்கள் வாங்க வழியில்லாத மொஃபஸில் வக்கீல்களுக்கு அது பெரிய வரம். நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஆனால் தீர்ப்பு கிடைப்பது வேறு, அது இன்றும் செல்லுபடியாகிறதா என்று தெரிவது வேறு.

ஒரு மதியம் ஒரு ஜூனியர் போனை நீட்டினார். "சார், அப்பா 2001-லயே இறந்துட்டார். பொண்ணுக்குப் பாகம் கிடையாதுன்னு தீர்ப்பு இருக்கு. கட்சிக்காரம்மாகிட்ட சொல்லி அனுப்பிடலாம்னு பார்க்கறேன்." திரையில் பிரகாஷ் எதிர் பூலவதி, 2015. மகளுக்கும் சம பங்கு தரும் இந்து வாரிசுரிமைத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. "தம்பி, இது போயாச்சு. 2020 ஆகஸ்ட் 11, வினீதா சர்மா. மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தள்ளிவிட்டது" என்றேன். பிறகு கேட்டேன்: "அந்தம்மாவுக்குக் கல்யாணம் எப்போ?" 1992 என்றார். தமிழ்நாட்டுத் திருத்தமான 29-ஏ பிரிவு இருந்த அலமாரிக்கு அவரை அழைத்துப் போனேன். 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகளுக்கு, டெல்லி விழிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இந்த மாநிலம் பங்கு கொடுத்துவிட்டது. அவர் படித்த மத்தியச் சட்டப் பிரதியில் அது இல்லை. 2015-ல் எழுதிய தீர்ப்பின் வாசகத்திலோ, 2020-ல் தனக்கு என்ன ஆனது என்று எப்படி இருக்கும்?

ரத்தானதைக் குறித்துக் காட்டும் சந்தா சேவைகள் உண்டே என்பார்கள். உண்டு, பணம் கட்டுபவர்களுக்கு. செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும் என்பவர்களுக்கு 2023-ல் நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கை நினைவூட்டுகிறேன். சாட்ஜிபிடி தந்த, உலகில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல், இவை உண்மையா என்று அந்த இயந்திரத்தையே கேட்டார். உண்மைதான் என்றது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. வால்யூம் எண்ணும் பக்க எண்ணும் கச்சிதமாக இருந்தன. அந்த வால்யூமைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

சந்தா கட்ட முடியாத தாலுகா நீதிமன்ற வக்கீலுக்கும், அவரை நம்பி வரும் ஏழைக் கட்சிக்காரருக்கும்தான் நூலகர் முதலில் தேவை. சங்க நிர்வாகிகளே, காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியில் படித்த, பயிற்சி பெற்ற ஒருவரை, முழுச் சம்பளத்தில் உட்காரவையுங்கள். அந்தம்மாவின் பாகப்பிரிவினை வழக்கு நம்பர் ஆகிவிட்டது.